தாராளம் யாருக்கு? தேயிலைச் சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய வணிக அமைச்சகத்தில் தேயிலைக்கான சட்டத்தையும் விதிகளையும் எழுதும் அதிகாரிகளுக்கும், அவற்றை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றும் உறுப்பினர்களுக்கும்:

நீலகிரியில் கோத்தகிரி வட்டத்தில் ஒரு ஹட்டியிலிருந்து (எங்கள் மலையில் ஊருக்கு அப்படித்தான் பெயர்) எழுதுகிறேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகத் தேயிலை இருக்கிறது. மாமனார் காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட நிலம் அது. பட்டா இன்னும் அவர் பெயரில் இருக்கிறது, ஆலையில் இலை போடும் புத்தகமும் அவர் பெயரில் இருக்கிறது, வேலை மட்டும் என் பெயரில்.

அண்மையில் எங்கள் பக்கத்தில் சிறு விவசாயிகளுக்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர் படித்தவர், மரியாதையாகவும் பேசினார். ஆனால் அவர் பேச்சு முழுக்க ஒரே சொல்லில் நின்றது: தாராளமயமாக்கல். பழைய சட்டம் உங்களைக் கட்டிப்போட்டிருந்தது, இனி தேயிலைத் துறை தாராளமயமாகிறது, யாரிடமும் எந்த அனுமதியும் கேட்க வேண்டாம், விருப்பப்பட்டவருக்கு விற்கலாம் என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "அது சரிங்க, இலை விலை என்ன ஆகும்?" என்று கேட்டார். "தாராளமயத்தில் விலையைச் சந்தைதான் முடிவு செய்யும்" என்று பதில் வந்தது. பெரியவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். டீ நன்றாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் புகார் அந்தப் பதிலைப் பற்றியது. அவரைப் பற்றியது அல்ல. மேலிருந்து வந்த வார்த்தையைத்தான் அவர் சொன்னார். ஒரு விவசாயி விலையைக் கேட்கிறார், அரசு ஒரு கொள்கையின் பெயரைச் சொல்கிறது, அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த மலையில் இதுதான் நடக்கிறது. இன்னொரு முறை நடக்கும் முன் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்தச் சொல்லுக்கு நான் பகை அல்ல. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அந்த மாதம் 24ஆம் தேதி நரசிம்ம ராவ் அரசு புதிய தொழிற்கொள்கையை வெளியிட்டது, அதே நாள் மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார். அதுவரை ஒரு தொழிற்சாலை தொடங்கவும் இருப்பதைப் பெரிதாக்கவும் டெல்லியில் உரிமம் வாங்கக் காத்துக் கிடக்க வேண்டும். பெரும்பாலான தொழில்களுக்கு அந்த உரிமம் போனது. உரிமம் போனதைத் தாராளமயம் என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. என் மகள் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வேலை அன்று எடுத்த முடிவுகளால் வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அனுப்பும் பணத்தில்தான் சில மாதங்களில் தோட்டத்துக்கு உரம் போகிறது என்பதும் தெரியும். (தோட்டத்துப் பணத்தில் மகளைப் படிக்க வைத்த வீடு இது. இப்போது மகள் பணத்தில் தோட்டத்தைப் பார்க்கிறோம்.)

ஆனால் அந்தச் சொல் உரிமத்தோடு நிற்கவில்லை. உர மானியத்தைக் குறைத்தால் தாராளமயம் என்றார்கள். இறக்குமதி வரியைக் குறைத்ததும், டீசல் விலையை எண்ணெய் நிறுவனங்களிடம் விட்டதும், அரசு நிறுவனத்தைக் கைவிட்டதும் அதே பெயரில் வந்தன. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு காரியம். ஒன்றில் லாபம் அடைகிறவர் ஒருவர், இன்னொன்றில் வேறொருவர். நஷ்டமும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டால் எது யாருக்குப் போனது என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதுதான் நோக்கமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இதே அரசு இதே சொல்லை வேறு மாதிரியும் பயன்படுத்துகிறது. எங்கள் மலையில் வெலிங்டன் இருக்கிறது, மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது, அதனால் ராணுவக் குடும்பங்களும் நிறைய. போரில் உயிர்விட்ட வீரரின் மனைவிக்குக் கொடுக்கும் ஓய்வூதியத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'தாராளமயமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம்'. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். தாராளமயமாக்கப்பட்டதில் கடைசிச் சம்பளம் முழுவதுமாகக் கிடைக்கும். அங்கே தாராளம் என்றால் கொடுப்பது. எங்களிடம் வரும்போது மட்டும் அது கையை எடுத்துக்கொள்வதாக ஆகிவிடுகிறது. எடுத்துக்கொள்வதென்றால் அப்படியே சொல்லுங்கள். நாங்கள் அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்துகொள்வோம்.

எங்கள் கைக்கு வந்த தாராளத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உரத்தில் தொடங்குகிறேன், அதுதான் முதலில் வந்தது. 1992 ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினீர்கள். யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டீர்கள். தேயிலைக்குப் பொட்டாஷ் வேண்டும். கவாத்து வெட்டிய செடி தேறி எழுந்திரிக்க அது முக்கியம். ஆனால் மலிவாகக் கிடைத்தது யூரியா. மலிவாக இருப்பதைத்தானே கடனில் இருக்கிறவன் வாங்குவான்? மலை முழுக்க யூரியாவாகக் கொட்டியது. ஏற்கெனவே புளித்த, அதாவது அமிலம் கூடிய, மண் இன்னும் புளித்தது. அப்புறம் 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒன்று வந்தது: உரத்தில் உள்ள சத்துக்கு இவ்வளவு என்று மானியம், விலை கம்பெனி கையில். அதற்கு முன்பு பொட்டாஷ் ஒரு டன் 4,455 ரூபாய். மூன்று வருடத்துக்குள் விலை மூன்று மடங்கைத் தாண்டியது. இதையும் தாராளமயம் என்றே பேசினார்கள். ஒரு பாதியை அவிழ்த்து மறுபாதியைக் கட்டி வைத்ததற்கு என்ன பெயர் என்று அன்று யாராவது யோசித்திருக்கலாம்.

விலை. சோவியத் நாடு இருந்தவரை, டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் வணிகத்தில், நம் தேயிலையை மொத்தம் மொத்தமாக வாங்கியது. 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. கொஞ்ச காலம் தடுமாறி, மறுபடி ரஷ்யர்கள் வாங்கத் தொடங்கி, 1990களின் பிற்பாதியில் பச்சை இலைக்கு நல்ல விலை வந்தது. அப்போதுதான் எங்கள் ஊரில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. 1998 ஆகஸ்டில் ரஷ்யப் பணமான ரூபிள் சரிந்தது. 2000 வாக்கில் கிலோவுக்கு இரட்டை இலக்கத்தில் இருந்த இலை விலை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. பறிப்புக் கூலி கொடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. பறிக்காமல் விட்டால் செடி மரமாகிவிடும். மலையே தெருவில் இறங்கிப் போராடியது. அந்த வருடங்களில் திருப்பூருக்கும் கோவைக்கும் போன குடும்பங்களில் பல திரும்பி வரவில்லை. எல்லாவற்றுக்கும் தாராளமயம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். விலை ஏறிய நாட்களில் முற்றிய கரட்டு இலையையும் சேர்த்து அள்ளிப் போட்ட மலை இது. தரம் கெட்டது உண்மை. ஆனால் வாங்குகிற நாடு விழும்போது விவசாயியைத் தாங்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று அன்று தெரிந்தது. அந்த ஏற்பாடு இன்றுவரை வரவில்லை.

ஏற்பாடு வரவில்லையே தவிர, கதவுகள் திறந்தன. இலங்கையோடு 1998 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலை சலுகை வரியில் உள்ளே வரலாம். நாங்கள் ஒற்றை இலக்க விலையில் கிடந்த அதே வருடம். 2010 ஜனவரியில் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்போடு ஒப்பந்தம். 100 சதவீதமாக இருந்த தேயிலை இறக்குமதி வரியை அந்த நாடுகளுக்குப் படிப்படியாக 45 சதவீதமாகக் குறைக்க ஒப்புக்கொண்டீர்கள். இலங்கையும் வியட்நாமும் நம்மைப் போன்ற விவசாயிகள் உள்ள நாடுகள்தான், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கையெழுத்துப் போடும் முன் கோத்தகிரியிலோ குந்தாவிலோ கூடலூரிலோ ஒரு மனிதரையாவது கூப்பிட்டு, 'இப்படிச் செய்யப் போகிறோம், உங்களுக்கு என்ன ஆகும்?' என்று கேட்டீர்களா என்பதுதான் கோபம்.

அடுத்து, கூட்டத்தில் பெரிதாகச் சொல்லப்பட்ட அந்தச் சுதந்திரம். 1953ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டப்படி புதிதாகத் தேயிலை நட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் அந்தப் பிரிவுகளை நிறுத்திவைத்தீர்கள். இப்போது யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் நடலாம். பழைய உரிம ராஜ்ஜியத்தின் மிச்சம் ஒழிந்தது என்று பாராட்டினார்கள். அந்தக் கட்டுப்பாடு எப்படி வந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. 1930களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கத் தேயிலை மிதமிஞ்சி விளைந்து விலை தரைக்கு வந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, அன்றைய டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஒப்பந்தம் போட்டு ஏற்றுமதியையும் புது நடவையும் கட்டுப்படுத்தின. அதற்காக வந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சிதான் 1953 சட்டம். அதாவது, விலையைக் காக்க வந்த வேலி அது. கல்கத்தாவில் இருந்த பெரிய கம்பெனிகளுக்கு நஷ்டம் வந்தபோது அந்த வேலி தேவைப்பட்டது. சிறு விவசாயிக்கு நஷ்டம் வரும்போது வேலி என்பது தடையாகிவிட்டது. விலை இல்லாத பயிரை இன்னும் அதிகமாக நடுவதற்கு எங்களுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறீர்கள். இதை நாங்கள் கேட்கவில்லை.

'விருப்பப்பட்டவருக்கு விற்கலாம்' என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சந்தை, சந்தை என்று சொல்கிறவர்கள் பச்சை இலையைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

பறித்த இலை காத்திருக்காது. சாக்கில் அடைத்து வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். அன்று பறித்ததை அன்றே ஆலைக்குச் சேர்க்க வேண்டும். நெல்லை வீட்டில் வைத்து விலை வரும்போது விற்கலாம். மஞ்சளை வருடக்கணக்கில் வைக்கலாம். எங்களுக்குச் சில மணி நேரம்தான். சாலைக்குச் சாக்கைக் கொண்டுவந்து போட்டுவிட்டால் வண்டி வரும். எந்த வண்டி வருகிறதோ அதுதான் என் சந்தை. ஏப்ரல், மே, ஜூனில் மழை பெய்து இலை குவிந்தால் ஆலைகள் 'கோட்டா' என்று சொல்லிவிடும். இவ்வளவுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்பார்கள். மீதியைச் செடிக்கடியில் கொட்டுவோம்.

அதைவிட முக்கியமான விஷயம், இலையைக் கொடுக்கும்போது அதன் விலை எனக்குத் தெரியாது. மாதம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருப்போம். மாதம் முடிந்து கணக்குப் போட்ட பிறகுதான் போன மாத இலைக்கு என்ன விலை என்று தெரியும். உலகத்தில் எத்தனை வியாபாரி தன் சரக்கின் விலை தெரியாமல் விற்கிறார்? நான் இலை போட்ட ஒரு தனியார் ஆலையில் மழைநாளில் நூறு கிலோவுக்குப் பத்து கிலோ தண்ணீர்க் கழிவு என்று பிடித்தார்கள். நியாயம், ஈர இலைதான். வெயில் அடித்த வாரத்திலும் அதே பத்து பிடித்திருந்தது. கேட்டேன். "வேண்டாம் என்றால் வேறு பாக்டரிக்குப் போடுங்க அம்மா" என்றார்கள். பக்கத்துப் பாக்டரியிலும் கழிவு பத்துதான். இப்படி இருக்கும் இடத்தில் அரசு விலகி நின்றால் நான் சுதந்திரம் ஆகிவிடுவேனா? இலை வாங்குகிறவர்தான் சுதந்திரம் ஆவார்.

இந்த இடத்தில் எங்களுக்கென்று இருக்கும் ஒரே பிடி 2003ஆம் ஆண்டுத் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை. பெயரிலேயே 'கட்டுப்பாடு' இருப்பதால் உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அதன்படி ஆலை தேயிலைத் தூள் விற்ற பணத்தில் நூற்றுக்கு 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு ஆலைக்கு. குன்னூர் ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனால் எங்களுக்கு 65. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சை இலை என்று வைத்தால் இலைக்கு 14 ரூபாய் சொச்சம். இதில் பறிப்புக் கூலி பாதியைத் தின்னும். உரம், மருந்து, கவாத்து, வண்டி வாடகை எல்லாம் மீதியில். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் குறைந்தபட்ச விலையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஏலத்தில் விலை விழுந்தால் எங்கள் 'குறைந்தபட்சமும்' கூடவே விழும். அப்படியும் அதை நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் அதுவும் இல்லாவிட்டால் ஆலை சொல்வதுதான் விலை. தாராளமயம் என்று சொல்லிக்கொண்டு நாளை இதில் கை வைக்கப் போகிறீர்களா? கூட்டத்தில் பேசியவரிடம் இதைத்தான் கேட்க நினைத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

'கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு பயிருக்குப் போகலாமே' என்று ஒரு யோசனை எப்போதும் யாராவது சொல்வார்கள். எங்கள் மலை ஏன் தேயிலைக்கு வந்தது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1961இல் ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கில் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும் பூச்சி அது. விளைச்சல் குறைந்தது, விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. அரசும் தேயிலை போடச் சொல்லி ஊக்கம் கொடுத்தது. சிறு விவசாயிகளின் இலையை அரைக்க 1960களில் கூட்டுறவு ஆலைகள் வந்தன, 1965இல் அவற்றுக்கு இன்ட்கோசர்வ் என்ற இணையம் வந்தது. அதாவது அரசு கூட நின்றுதான் இந்த மலை தேயிலை மலையாக மாறியது. நட்டுவிட்ட செடி ஐம்பது வருடம் நிற்கும். போகிறபோக்கில் பிடுங்கிப் போட்டுவிட்டு மாறுகிற காரியம் இல்லை.

ஊட்டி இந்து நகரைத் தாண்டும்போதெல்லாம் இன்னொரு தாராளமயம் நினைவுக்கு வரும். 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளில் எடுத்த எக்ஸ்ரேக்கு இந்த மலையில் செய்த பிலிம் போனது. வெளிநாட்டு பிலிமுக்கு வரி குறைந்தது, நிறுவனம் 1996இல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது, டிஜிட்டல் வந்து மிச்சத்தையும் முடித்தது. டிஜிட்டலை யாரும் தடுத்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரியைக் குறைத்த அன்று அந்த ஆலைக்கு என்ன மாற்று வழி என்று ஒரு தாள் எழுதியிருக்கலாம். என் அண்ணன் கூடப் படித்தவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். வருடக்கணக்கில் 'ஏதாவது முடிவு வரும்' என்று காத்திருந்தே வயதாகிப் போனார்கள்.

எதையெல்லாம் அவிழ்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். எதையெல்லாம் அவிழ்க்கவில்லை என்பதையும் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலப் பிரச்சினை, அதாவது பழைய ஜமீன் மாதிரியான நில உடைமையின் பிரச்சினை, அதை ஒழிக்க வந்த 1969 சட்டத்திலிருந்து தொங்குகிறது. அதன் 17ஆம் பிரிவில் மாட்டிய நிலத்தில் தலைமுறையாக இருப்பவருக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கடன் இல்லை, எத்தனையோ வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. அவரிடம் போய்ச் சந்தை திறந்துவிட்டது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? எங்கள் ஊரிலேயே நிலத்தில் வேலை செய்வது பெண்கள், காகிதத்தில் இருப்பது ஆண்கள், அதிலும் பாதிப் பேர் இறந்துபோனவர்கள். மானியம், பயிற்சி, இலை வெட்டும் கத்தரி இயந்திரம் எல்லாம் காகிதத்தைப் பார்த்துத்தான் வருகிறது. இந்தக் கட்டை அவிழ்க்க எந்தக் கொள்கையும் வரவில்லை. தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்ற விதி இருக்கிறது; அது இருக்கட்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் கொட்டிய மழையையும் சரிந்த மலையையும் பார்த்தவர்கள் நாங்கள். சில கட்டுப்பாடு வேண்டும் என்று எங்களுக்கே தெரியும். எது வேண்டும், எது வேண்டாம் என்று எங்களைக் கேட்டால் சொல்லுவோம்.

கேட்டீர்களா? 2022 ஜனவரியில் 1953 சட்டத்துக்குப் பதிலாக ஒரு புதிய மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டீர்கள். கொடுத்த காலம் சில வாரங்கள். எங்கள் ஊரில் அதை ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் தேதி முடிந்துவிட்டது. அடுத்த வருடம் செப்டம்பரில் இலைக்குக் கிலோ 33.50 ரூபாய் வேண்டும் என்று எங்கள் மக்கள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த 33.50 காற்றில் பிடித்த எண் அல்ல. உற்பத்திச் செலவோடு பாதியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் சொன்ன கணக்கு. நெல், கோதுமை உட்பட 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறீர்கள். தேயிலை அதில் இல்லை. ஏன் என்று கேட்டால் தேயிலை தோட்டப் பயிர், வணிகப் பயிர் என்பீர்கள். ஒன்றரை ஏக்கரில் நானே பறித்து நானே சுமப்பது எப்படித் தோட்டத் தொழிலாகும் என்று விளக்க யாராவது வாருங்கள்.

என் கோரிக்கைகள் இவை.

இனிமேல் தேயிலை பற்றிய எந்தச் சட்ட வரைவிலும், சுற்றறிக்கையிலும், கூட்டத்திலும் 'தாராளமயமாக்கல்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்த வேண்டாம். அனுமதி நீக்கமா, வரிக் குறைப்பா, மானியக் குறைப்பா, விலைப் பாதுகாப்பு நீக்கமா, எது என்று அதன் சொந்தப் பெயரில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, இதனால் இலை விற்கிறவருக்கு என்ன, இலை வாங்குகிறவருக்கு என்ன, தூள் இறக்குமதி செய்கிறவருக்கு என்ன என்று கணக்கோடு சொல்லுங்கள். அது தமிழில் இருக்க வேண்டும்.

65க்கு 35 என்ற பங்கை ஆணையில் வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விடாமல், புதிய சட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். எடை போடும் இடத்திலேயே கழிவு எவ்வளவு, எதற்காக என்று சீட்டில் இருக்க வேண்டும். அந்த மாதம் ஆலை தூளை என்ன விலைக்கு விற்றது என்பதை இலை கொடுத்தவர்கள் பார்க்கும்படி ஆலை வாசலில் ஒட்ட வேண்டும்.

உற்பத்திச் செலவை நீலகிரியிலேயே கணக்கெடுத்து, அதன் அடிப்படையில் பச்சை இலைக்கு ஒரு தரை விலையை நிர்ணயியுங்கள். ஏல விலை அதற்குக் கீழே போகும் மாதங்களில் வித்தியாசத்தை யார் தருவார்கள் என்பதையும் சட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இறக்குமதித் தேயிலையில் வசூலாகும் வரியிலிருந்து அதற்கு ஒதுக்கலாம் என்பது என் யோசனை.

தேயிலை வரியைத் தொடும் எந்த வெளிநாட்டு ஒப்பந்தத்தையும் முடிக்கும் முன் விவசாயிகளின் கருத்தைக் கேளுங்கள். எந்த நாட்டுத் தேயிலை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சிட வையுங்கள். வெளித்தேயிலையைக் கலந்து நீலகிரி என்ற பெயரில் விற்பதைக் குற்றமாக்குங்கள்.

சிறு விவசாயி என்று பதிவு செய்யப் பட்டாவை மட்டும் பார்க்காமல், நிலத்தில் வேலை செய்கிறவரைப் பாருங்கள். பெண்கள் பெயரிலும், பட்டா இல்லாத கூடலூர், பந்தலூர் விவசாயிகள் பெயரிலும் பதிவு நடக்க வேண்டும்.

கடைசியாக, மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகும் முன் கோத்தகிரி, குன்னூர், குந்தா, கூடலூர் நான்கு இடத்திலும் தமிழில் பொதுக் கருத்துக் கேட்பு நடத்துங்கள். நாங்கள் கேட்பதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியாவிட்டால் எழுத்தில் தாருங்கள், தேதியும் கையெழுத்தும் போட்டு. ஏப்ரல், மே, ஜூனில் வைக்காதீர்கள். இலை குவிகிற காலம், தோட்டத்தை விட்டு யாரும் வர மாட்டார்கள். பிப்ரவரியில் பறிப்பு குறைவாக இருக்கும், அப்போது வைத்தால் பெண்களும் வந்து பேச முடியும்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருத்தி